அடி விழுவதற்கு முன்னரே

இக்காவல் நிலையத்தில் இவ்வாக்குமூலத்தை அளிக்கும் நான் குத்துச்சண்டைக் கூடத்து மாஸ்டரின் மனைவி, வயது நாற்பத்தொன்று, கட்டுக்காரம்மா என்பது பலரும் அறிந்த என் பெயர், குடியிருப்பது அக்கூடத்தின் மாடியில். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்குச் செல்லவில்லையாயினும், பிழையின்றி எழுதவும் படிக்கவும் என் சொந்த முயற்சியால் கற்றவள். ஆகவே நான் சொல்லும் சொற்களையே மாற்றாமல் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொண்டேன். அவ்வாறே பதிவு செய்யப்படுகிறது.

வீராங்கனைகளின் கைகளுக்குத் துணிப்பட்டை சுற்றிக் கட்டுவதும், சுற்றுகளுக்கிடையே மூலையில் நின்று தண்ணீர் கொடுப்பதும், கிழிந்த புருவத்தில் மருந்து வைத்து ரத்தத்தை நிறுத்துவதும் என் பணி. நான் கட்டிய கட்டு எந்தப் போட்டியிலும் அவிழ்ந்ததில்லை.

இப்போது மருத்துவமனையில் இருப்பவள் என் கணவரின் தங்கை, வயது இருபத்தொன்று, வீட்டில் சின்னவள் என்போம். நான் மருமகளாக வந்த ஆண்டில் பிறந்தவள். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தமையால் என் கையில் வளர்ந்தவள்.

தேர்வுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு அவள் தகுதி பெற்றாள். அதில் வெல்பவருக்கு மாநில அணியில் இடமும், அதன் வழியே நிரந்தர வேலையும் உண்டு. எடைப்பிரிவின் வரம்பைவிட உடல் கனமாக இருந்தமையால், என் கணவர் வழக்கமான முறையைக் கையாண்டார். அதாவது, ரப்பர் உடையை மாட்டி, சன்னல்களை அடைத்து, அடுப்பு எரியும் அறையில் அவளைக் கயிறு தாண்டச் செய்தார். தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பலாம், விழுங்கலாகாது என்று கட்டளையிட்டார். போட்டி நாளில் மாதவிடாய் வந்துவிடக்கூடாது என்பதற்காக, அதைத் தள்ளிப்போடும் மாத்திரையை நான் வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் யாருக்கேனும் ரத்தம் உறையும் நோய் இருந்ததா என்று மருந்துக் கடைக்காரர் கேட்டார். இல்லை என்றேன்.

அதன் பிறகு அவளுக்குத் தலைவலி தொடங்கியது. "அண்ணி, படுத்தா மண்டைக்குள்ள ஆள் உக்காந்து இடிக்கிற மாதிரி இருக்கு. நிமிந்து உக்காந்தா தேவல" என்றாள். சுவரில் சாய்ந்தபடியே உறங்கினாள். இருமினால் தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ரெண்டு அண்ணி தெரியுறீங்க" என்றாள். "நல்லதாப் போச்சு, ஒருத்தி சமைக்கட்டும், ஒருத்தி படுக்கட்டும்" என்று நான் சொன்னேன். அவளும் சிரித்தாள். என் கணவர், "தண்ணி இல்லாத தலைவலி இது. எடை பார்த்ததும் ரெண்டு சொம்பு குடி, பறந்துடும்" என்றார்.

எடை பார்த்த காலையில் நானூறு கிராம் கூடுதலாக இருந்தது. எதிராளியான இடக்கைப் பெண் அவளுடைய தந்தையுடன் அங்கே நின்றிருந்தாள். லாரி மெக்கானிக்கான அவர்தான் மகளுக்குப் பயிற்சியாளரும். சின்னவளின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர், "என்ன மாஸ்டர், பொண்ணைக் கூட்டிட்டு வந்தீங்களா, பொணத்தைத் தூக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். என் கணவர், "உம்ம பொண்ணுக்கு மாலை வாங்கி வச்சுட்டுப் பேசும்" என்றார். அதன் பிறகு சின்னவள் கழிவறைக்கு ஓடி, சுவரில் தெறிக்குமளவு வாந்தி எடுத்தாள். மீண்டும் தராசில் ஏற்றியபோது எடை வரம்புக்குள் வந்திருந்தது. நாங்கள் கை தட்டினோம். என் கணவர் அவளைத் தூக்கிச் சுற்றினார்.

அதன் பிறகு அவள் குடித்த தண்ணீர் எதுவும் வயிற்றில் தங்கவில்லை. மாலையில் உடை மாற்றும் அறையில் அவளுக்குக் கை கட்டினேன். இடது கைக்குக் கட்டி முடித்து, "வலது விரலை விரி" என்றேன். விரல்கள் விரியவில்லை. "விளையாடாதடி" என்றேன். "விரிச்சுத்தானே வச்சிருக்கேன்" என்றாள். வெளியே அழைப்பு மணி அடித்துவிட்டது. நானே அவ்விரல்களைப் பிரித்து, இடையிடையே பட்டையை நுழைத்து, முஷ்டியாக மடக்கி, அது திறந்துகொள்ளாத வண்ணம் இறுகக் கட்டினேன். அதன் மேல் கையுறை மாட்டினேன். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது நல்ல முஷ்டியாகவே தெரிந்திருக்கும்.

முதல் சுற்றில் இடக்கைப் பெண் சின்னவளின் மூக்கை உடைத்தாள். அது விதிக்கு உட்பட்ட, நேர்த்தியான குத்து. ரத்தம் வாய்க்குள் இறங்கியது. சின்னவளின் வலது கை மார்புக்குக் கீழே தொங்கியது, குத்துகள் அந்தப் பக்கமாகவே ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின, உதடு பிளந்தது. இடைவேளையில் மூக்கில் பஞ்சு வைத்தேன். "அண்ணி, என் வலது கை எங்க இருக்கு?" என்று கேட்டாள். "கையுறைக்குள்ளதான் இருக்கு, தூக்கு" என்றேன். என் கணவர் அவள் கன்னத்தில் தட்டி, "தூங்குறியா? அவ விலாவை ஒடச்சுட்டு வா" என்று எழுப்பி விட்டார்.

இரண்டாம் சுற்றில் நடந்ததை வரிசை மாறாமல் கூறுகிறேன். வழக்கே இவ்வரிசையில்தான் உள்ளது. முதலில் சின்னவளின் வலது கால் மடங்கியது. அதன் பிறகு அவள் கண்களும் கழுத்தும் வலப்புறம் திரும்பின. வலது கை வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கியது. அதன் பிறகே, முன்பே புறப்பட்டுவிட்ட இடக்கைப் பெண்ணின் குத்து, திரும்பிய தலையின் பின்புறத்தில் விழுந்தது. எதிர் மூலையில் நின்ற நடுவருக்குச் சின்னவளின் முதுகும் அக்குத்தும் மட்டுமே தெரிந்திருக்கும். நான் வலப்பக்க மூலையில் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

சின்னவள் விழுந்து, உடல் முழுதும் வெட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் கணவர் மூலையிலிருந்த முக்காலியுடன் மேடையில் ஏறி, இடக்கைப் பெண்ணைத் தாக்கினார். அவள் தடுக்கத் தூக்கிய இடது முன்கை முறிந்தது. அவ்வோசை எனக்குக் கேட்டது. மகளை மறைக்க வந்த மெக்கானிக்கின் வாயில் அடுத்த அடி விழுந்து, பற்கள் தெறித்தன. நானும் கையிலிருந்த பனிக்கட்டி வாளியால் அவருடைய முதுகில் அடித்தேன். இதை மறைக்க நான் விரும்பவில்லை. அதன் பிறகு இரு தரப்பினரும் நாற்காலிகளால் அடித்துக்கொண்டனர். கீழே கிடந்த சின்னவளின் கையை யாரோ மிதித்தார்கள்.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா எங்களை அழைத்து விளக்கினார். "மூளையில இருந்து ரத்தம் திரும்பி இறங்குற குழாயில ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்குது. வடிகால்னு வச்சுக்கோங்க. அது அடைச்சா ரத்தம் தேங்கும், அழுத்தம் ஏறும், கசியும். படுத்தா வலிச்சது, ரெண்டாத் தெரிஞ்சது, வாந்தி, கை விளங்காதது, வலிப்பு, எல்லாம் அதோட வேலைதான்." தலையில் பட்ட அடியால் வந்ததா என்று என் கணவர் கேட்டார். "பலமா அடிபட்டாலும் வரலாம். ஆனா இந்தக் கட்டி பழசு. மேடை ஏறுறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு" என்றார். மாத்திரை ஏதாவது சாப்பிட்டாளா, தண்ணீர் ஒழுங்காகக் குடித்தாளா என்று கேட்டார்; நான் சொன்னேன். "அந்த மாத்திரையும் ரத்தத்தை உறைய வைக்கும், தண்ணி இல்லாததும் உறைய வைக்கும்" என்றார். அதன் பிறகு, குடும்பத்தில் இப்படி யாருக்காவது வந்ததுண்டா என்றார். என் கணவர் இல்லை என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஏங்க, உங்க அம்மா?" என்றேன். சின்னவளைப் பெற்ற படுக்கையில், தலைவலி தலைவலி என்று சொல்லி, வலிப்பு வந்தே என் மாமியார் இறந்தார். எதையோ கண்டு பயந்துதான் இறந்தார் என்று அன்று எல்லோரும் முடிவு செய்தோம். டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடப் போவதாகச் சொன்னதும், "உள்ள கசியுதுன்னீங்க, இன்னும் இளக்குறீங்களா? கொல்லப் பாக்குறீங்களா?" என்று என் கணவர் டாக்டரம்மாவின் வெள்ளை மேலங்கியைக் கழுத்தருகே பிடித்துச் சுவரில் சாய்த்தார். காவலாளிகள் இழுத்துச் சென்றனர். டாக்டரம்மா மேலங்கியைச் சரி செய்துகொண்டு, "கட்டி வளராம இருந்தாத்தான் கசிவு நிக்கும்மா" என்று என்னிடம் சொன்னார். நான் சம்மதித்துக் கையொப்பமிட்டேன். ஊசி போடப்பட்டது.

அதன் பிறகு என் கணவர், இடக்கைப் பெண் வேண்டுமென்றே பின்தலையில் குத்தியதால்தான் இந்நிலை ஏற்பட்டது என்று இந்நிலையத்தில் புகார் அளித்தார். நான் பார்த்ததைச் சொல்லப் போவதாகக் கூறியபோது, "சொல்லிட்டு அப்படியே போயிடு, மாடிப்படி ஏறாத" என்று சொல்லி என் தாடையில் அடித்தார். மேடைக்கு வெளியே யாரையும் அடிக்கக்கூடாது என்று எச்சரித்து, கூடத்துப் பிள்ளைகளுக்கு அவர் கற்பிக்கும் அதே அடி. என் கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. நான் வரும்போது இடக்கைப் பெண் கையில் மாவுக்கட்டுடன் இந்நிலையத்துப் பெஞ்சில் அமர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "அக்கா, அவ பொழச்சுக்குவாளா?" என்று கேட்டாள்.

சின்னவள் நேற்றுக் கண் விழித்தாள். டாக்டரம்மா அவளிடம் வலது விரல்களை விரிக்கச் சொன்னார். அவள் வெகுநேரம் அவ்விரல்களைப் பார்த்தாள். அதன் பிறகு இடது கையால் என் கையை இழுத்து, அவற்றின் மேல் வைத்து, நான் விரித்துவிடுவதற்காகக் காத்திருந்தாள்.

ஆகவே, சின்னவளின் நோய் அக்குத்துக்கு முன்னரே தொடங்கியது என்றும், அவள் விழத் தொடங்கியதும் அக்குத்துக்கு முன்னரே என்றும், அந்நோயில் இடக்கைப் பெண்ணுக்குப் பங்கில்லை என்றும், எங்களுக்கு உண்டு என்றும் கூறுகிறேன்.

பதிவு முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. 'நாங்கள் கை தட்டினோம்' என்ற வரி வழக்குக்குத் தேவையில்லை, அடித்துவிடலாமா என்று எழுத்தர் கேட்டார். அது இருக்கட்டும் என்றேன். அவ்வரி உள்பட இதிலுள்ள யாவும் நான் கண்டதும் செய்ததுமே. எவருடைய வற்புறுத்தலுமின்றிச் சொல்லிக் கீழே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
கட்டுக்காரம்மா