நாற்பத்திரண்டாம் நம்பர் படி

அம்பத்தூரில் மின்சார ரயிலில் ஏறிய இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் வெள்ளைச் சட்டை, மற்றவர் ஃபேக்டரி யூனிஃபார்ம். வெள்ளைச் சட்டைக்காரர் வாயைத் திறந்ததுமே நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“எங்க ஊட்டம்மா டெய்லி ஸ்டேடியத்துல தான் துணி தொவைக்குது, மச்சான்.”

“இன்னா மாமே, காலங்காத்தால!”

“நெசமா. சென்ட்ரல் பக்கத்துல பழைய ஸ்டேடியத்த இட்ச்சிட்டு புதுசா கட்னாங்கல்ல? அந்த இடிசல்ல ஒரு லாரி வாங்கி, கோவில்பதாகையில நம்ம மனையில பள்ளத்த ரொப்பக் கொட்டுனேன். உள்ள கேலரிப் படி ஒண்ணு உடையாம கீது. எங்கப்பா அதுல குந்திகினு கிரிக்கெட்டு பாத்தாரு, நான் ஃபுட்பால் பாத்தேன், இப்ப தொவைக்கிற கல்லு. பெயிண்டுல எழுதுன நம்பர் கூட அழியல. நாப்பத்திரெண்டு.”

யூனிஃபார்ம்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எந்தப் பக்கத்துப் படி?”

“கோல் போஸ்டுக்குப் பின்னாடி. ஃபேக்டரி டீம் ஃபைனல்ல நீ அட்ச்ச பெனால்டி போய் உழுந்துச்சே, அதே படி.”

“அன்னிக்கி காத்து, மாமே.”

“காத்து உனக்கு மட்டும் அட்ச்சுதா?”

வில்லிவாக்கத்தில் யூனிஃபார்ம்காரர் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கல்ல எனக்குக் குடுத்துடேன். வேற நல்ல கல்லா வாங்கித் தரேன்.”

“ஊட்டம்மா உடாது. அன்னிக்கி நம்ம டீம் கேப்டன் யாரு? அதோட கூடப்பொறந்த அண்ணன். உன் பேர சொல்லிச் சொல்லி தான் ஒவ்வொரு துணியையும் அடிக்குது.”

காலரைத் தூக்கிக் காட்டினார்.

“பாரு, இன்னா வெள்ளை!”