பத்து நிமிடப் பிரசங்கம்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை செல்லும் பஸ். மழைக்கு ஷட்டரை இறக்கியிருந்தார்கள். என் முன் சீட்டில் பிளஸ் டூ படிக்கும் இரண்டு பெண்கள்.

"புது போதகர் பத்தே நிமிசத்துல பிரசங்கத்த முடிச்சா, நான் கெமிஸ்ட்ரில தோத்துப்போவேன்."

"அதெப்படிட்டி?"

"சர்ச்சில நானாக்கும் கீபோர்டு வாசிக்கியது. பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள கெமிஸ்ட்ரி நோட்டு உண்டு. பழைய போதகர் ஒரு மணிக்கூர் பேசுவாரு. எனக்கு ஒரு பாடம் முடியும்."

"இப்போ சீக்கிரம் விடுகாருல்லா. வீட்டுல போயி படி."

"வீட்டுல போனா, அடுத்த வாரத்துப் பாட்டெல்லாம் வாசிச்சுப் பழகுன்னு அப்பா கீபோர்டு முன்னால இருத்திருவாரு."

"அப்போ புது போதகர்கிட்ட கொஞ்சம் நீட்டிப் பேசச் சொல்லு."

"சுருக்கச் சொன்னதே அப்பாவாக்கும். மகளுக்குப் பரீட்சை வருது, படிக்க நேரம் வேணும்னு."