பின்சீட்டு மூச்சு

விளக்கை அணைத்தது நீங்கள்தான். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. இது இந்த வீட்டுக்காரனுடைய மச்சானுக்கு நடந்தது. சந்தேகமிருந்தால் அவனையே கேளுங்கள். மச்சான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றிவிட்டு, தான் மட்டும் கீழேயே கிடந்த மனிதர்.

இரவு ஒன்பது மணி... பாலம் தாண்டிய புறவழிச்சாலை. முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. காரில் அவரும் அவருடைய சின்ன மகளும்.

குடித்துவிட்டு ஓட்டி இரண்டு தடவை பிடிபட்டவர். அதனால் காரில் ஊதுகருவி மாட்டச் சொல்லிவிட்டது கோர்ட். குழாயில் ஊதினால்தான் வண்டி கிளம்பும். வழியிலும் 'பீப்' என்று கத்தும். மறுபடி ஊத வேண்டும். பச்சை வந்தால் சரி. மூச்சில் சரக்கு இருந்தால் சிவப்பு. ஒரு சிவப்பு வந்தாலும் போச்சு, அம்மாவிடம் வளரும் மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்துவர முடியாது.

குடியை அடியோடு விட்டுவிட்டார். விட்டால் மனசு லேசாகும் என்றார்கள். ஆகவில்லை. மரத்துப்போயிற்று. "தூக்கம் வருதா?" என்று மனநல டாக்டர் கேட்டதற்கு, "வருது டாக்டர். அழுகைதான் வரல," என்றாராம்.

எப்போதும் பின்னால் படுத்துக்கொண்டு வரும் மகள், அன்றைக்கு அம்மா வீட்டுக்குத் திரும்பும்போது முன்னால் ஏறிக்கொண்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

பீப்.

ஓரங்கட்டி ஊதினார். சிவப்பு.

தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதினார்... சிவப்பு. அப்போதுதான் அந்த வாடை வந்தது. பிராந்தி. ராத்திரியெல்லாம் குடித்தவன் விடிகாலையில் விடுகிற மூச்சு. அவருக்கு நன்றாகப் பழகின வாடை. பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மகள் இனி வர மாட்டாள் என்பது மட்டும் புரிந்தது.

"அப்பா குடிக்கலம்மா," என்றார்.

"தெரியும்ப்பா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பின்னாடி படுத்திருக்கற அப்பாதான் குடிச்சிருக்காரு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியை உருவினார். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தார். பாலம் வரைக்கும்... பின்னால் பீப், பீப் என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

மகள் வருவது அதோடு நின்றது. அப்போதும் அவர் அழவில்லை. காரை மட்டும் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார். ஆமாம், வாசலில் நிற்கிறதே, அதுதான்.

பூட்டித்தான் இருக்கிறது. ராத்திரியில் உள்ளே யாரோ தேம்பித் தேம்பி அழுகிறார்களாம். காலையில் பின்கண்ணாடி நனைந்திருக்கும்... உள்பக்கம்.