கறவை நேரம்

இரவு மணி பத்தரை. ஊர் முடிந்து, விளக்குக் கம்பங்களும் முடிந்து, இரண்டு பக்கமும் வெறும் வயல். அந்தச் சாலையில் ஒரே ஒரு கார். பின் சீட்டில் ஒரு பச்சைக் குழந்தை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதை மடியில் வைத்திருந்தவள் வேறு யாருமில்லை, இன்று லீவு போட்டிருக்கிறாளே நம் மூன்றாவது தையல் மிஷின்காரி, அவளுடைய கூடப்பிறந்த தங்கை. காரை ஓட்டியவன் தங்கையின் புருஷன். வீடுகளை அலங்கரித்துக் கொடுப்பது அவன் தொழில். நாங்கள் அவனை மேதை என்போம். முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

கரண்ட் வருகிறவரை எப்படியும் தைக்க முடியாது. அதனால் சொல்கிறேன். மெழுகுவர்த்தியை நடுவில் வைத்துவிட்டுக் கிட்ட வந்து உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

அவர்கள் குடிபோய்க்கொண்டிருந்த வீடு, மேதை வாங்கியிருந்த ஒரு பழைய மாட்டுக் கொட்டகை. கல் சுவர், கறுத்துப்போன உத்திரம். யாரோ ஒரு பால்காரன் மாடு கட்டிக் கறந்த இடம். அவன் செத்து எத்தனையோ வருஷம் பூட்டிக் கிடந்ததை, கலைஞர்கள் வாழும் இல்லமாக்குகிறேன் என்று இவன் கிளம்பினான். இடித்துக் கட்டினானா? இல்லை. எதையும் தொடக் கூடாதாம். பழமை மூச்சு விடுகிறதாம். மாடு கட்டிய இரும்பு வளையங்கள் சுவரில் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தலைக்கு மேல் ஒரு குட்டி விளக்கு. மூத்திரம் ஓடிய வாய்க்காலுக்குக் கண்ணாடி மூடி, அடியில் நீல வெளிச்சம்! வீடு பார்க்கப் போன எங்களிடம், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சிரித்தான். கற்பூர வாசனை எங்கே வந்தது? சாண வாசனைதான் வந்தது.

அது போகட்டும். தீவனத் தொட்டிப் பக்கம் தலைமாடு வைத்துக் கட்டில் போட்டான். கன்று கட்டுகிற மூலையில் தொட்டிலைத் தொங்கவிட்டான். பசு நின்ற இடத்தில் பெண்டாட்டி, கன்று நின்ற இடத்தில் பிள்ளை. இதில் என்ன தப்பு என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

முதலில் சில நாள் ஒன்றும் இல்லை. அவளுக்கு நல்ல பால். பிள்ளை குடித்துவிட்டுத் தூங்கும். பிறகு ஒரு விடியற்காலை... எழுந்தால் மார்பு காலி. துணி நனையவில்லை, படுக்கையில் ஈரம் இல்லை. குழந்தை உறிஞ்சிப் பார்த்துவிட்டு வீறிட்டது. பகலில் கொஞ்சம் ஊறும். விடிந்தால் மறுபடி ஒன்றும் இருக்காது. இரண்டு பக்கமும் விரல் கணு அழுத்தின மாதிரி நீலம். தொட்டுப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு.

புட்டிப்பால் கொடுத்தார்கள். குடித்ததெல்லாம் வாந்தி. ஆஸ்பத்திரியில் எடை போட்ட நர்ஸ் அவளைத்தான் திட்டினாள். பிறந்தபோது இருந்த எடைகூட இல்லை, இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மேதை என்ன சொன்னான் தெரியுமா?

"எல்லாம் உன் மனசுலதான் இருக்கு. இந்த இடத்தோட சக்திய நீ உள்ள வாங்கிக்க மாட்டேங்குற."

பெற்ற பிள்ளை எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது, இவன் சக்தி பேசுகிறான். த்தூ! ஏதோ பத்திரிகையிலிருந்து வீட்டைப் படம் எடுக்க வருகிறார்கள் என்று அவனுக்கு ஒரே கவலை. பிள்ளை அழுகிற சத்தம் வேலைக்கு இடைஞ்சல் என்று மேலே பழைய வைக்கோல் பரணில் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஒரு ராத்திரி அவள் தூங்காமல் கிடந்தாள். எல்லா விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தன. முதலில் வாடை வந்தது. நனைந்த வைக்கோல், சாணம், சூடான பால். அப்புறம் ஒரு வாளியின் பிடி... கிளிங். கல் தரையில் வாளியை வைத்த சத்தம்.

அவளால் கையைக் காலை அசைக்க முடியவில்லை. தொட்டில் தானாக ஆடி நின்றது. பார்த்தால் குழந்தை அவள் மார்பில் இருக்கிறது. யாரும் தூக்கி வரவில்லை. நாலு வாய் குடித்திருக்கும். பால் இறங்கியதும், ஒரே இழுப்பு. காலைப் பிடித்து இழுத்த மாதிரி பிள்ளை பின்னாலேயே போயிற்று. கட்டிலைவிட்டு, தரையோடு தரையாக, அந்த மூலைக்கு. வாயோரம் பால் ஒழுக ஒழுக... கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டுவார்களே, அதே கணக்கு.

பிறகு சர்ர்... சர்ர்... என்று காலி வாளியில் பால் விழுகிற சத்தம். போகப் போக நுரை கட்டி, சொத்... சொத்... என்று அமுங்கிப்போயிற்று. அவள் உடம்பு நடுங்கியது. இடுப்பில் ஒரு கை தட்டிக்கொடுத்தது. காதோரம் ஒரு கிழட்டுக் குரல், கோபமே இல்லாமல், "நில்லு... அசையாம நில்லு..."

விடிந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு, வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போ என்று அழுதாள். அக்காக்காரி ஓடினாள். தங்கையையும் கூடவே வரச் சொன்னாள். மேதை குறுக்கே நின்றான். நாளைக்குப் படம் எடுக்க வருகிறார்களாம், வீட்டில் பெண்டாட்டி இல்லாவிட்டால் வீடு வீடாகத் தெரியாதாம். ஒரே ஒரு நாள் என்று கெஞ்சினான். அவளும் தலையை ஆட்டினாள்.

"பிள்ளை இல்லாட்டி பால் இறங்காதுக்கா. அப்புறம் அது எதுக்கு வரப்போகுது? நீ இவனக் காப்பாத்து, போதும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கன்று இல்லாமல் எந்தப் பசுவும் சுரக்காது. ஆனால் கன்று செத்துப்போனால் பால்காரன் சும்மா விடுவானா? அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோலை அடைத்து, தைத்து, பசுவின் முகத்துக்கு முன்னால் வைப்பான். பசு அதை நக்கிக்கொண்டே நிற்கும். பால் தானாக இறங்கும். அவளுக்கு இது தெரியாது, பாவம்.

அக்கா வீட்டில் அன்று ராத்திரி பிள்ளை வாந்தி எடுக்காமல் தூங்கியது. காலையில் பசித்து அழுதது. தங்கையைக் கையோடு அழைத்து வந்துவிடலாம் என்று அக்காக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். வாசலில் மேதை படமெடுக்க வந்தவர்களுக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் நன்றாக விழும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தான். "அவ இன்னும் எழுந்திரிக்கல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

உள்ளே அவள் எழுந்துதான் இருந்தாள். தீவனத் தொட்டிப் பக்கம் திரும்பி, நாலு காலில் நின்றிருந்தாள். அவள் முன்னால் பிள்ளையின் மஞ்சள் சட்டை. உள்ளே விம்ம விம்ம வைக்கோல். கழுத்திலும் கையிலும் கோணி ஊசியால் போட்ட தையல், ஒவ்வொன்றும் அளந்து போட்டது. சட்டை முழுக்க நனைந்து கிடந்தது. அவள் அதை நக்கிக்கொண்டிருந்தாள். நாக்கு தேய்ந்து, நுனியில் ரத்தம். சட்டையின் நூல் பல்லில் சிக்கியிருந்தது.

 இதை அக்காக்காரிதான் என்னிடம் சொன்னாள். பிள்ளையைத் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டி, "உன் புள்ளடி... பாருடி..." என்றாள். பிள்ளை தாயைப் பார்த்ததும் வாயைத் திறந்து கையை ஆட்டியது.

அவள் குனிந்தாள். பிள்ளையின் உச்சந்தலையை ஒருமுறை மோந்து பார்த்தாள்... இன்னொரு முறை மோந்தாள்.

பிறகு தலையால் முட்டி அதைத் தள்ளிவிட்டு, வைக்கோல் பிள்ளையிடம் திரும்பிக்கொண்டாள்.