தூணில் ஒரு சுற்று

படம் பார்க்கப் போனால் பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுகிற ஆள் நான். இந்தப் படத்தில் மட்டும் கண்ணை மூட முடியவில்லை, ஐயா. அதில் வருகிறவன் நான்.

என் மைத்துனன் இடுப்பில் கயிறு கட்டிச் சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் செத்துப்போனான். அதைப் பற்றி முதலில் ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். மேலே கயிறு பிடித்தவன் நான். "கை நழுவிடுச்சு" என்று அதில் சொன்னேன். பார்த்தவர்கள் அழுதார்களாம். பிறகு அதையே சினிமாவாக எடுத்து, என் வேடத்துக்கு ஒரு சிரிப்பு நடிகரைப் போட்டார்கள். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அவர் என்னைப் பார்க்க வந்தார். துக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

"கயிறு எப்படிப் பிடிப்பீங்கண்ணே? அத மட்டும் காட்டுங்க."

இருபது வருடத் தொழில். தப்பாகக் காட்ட மனம் வரவில்லை. தொட்டி ஓரத்து இரும்புத் தூணுக்குக் கூட்டிப்போய், கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி நுனியைப் பிடித்துக் காட்டினேன். "இப்படிச் சுத்திட்டா சின்னப் புள்ளகூட ஆளத் தாங்கும், தம்பி."

"அப்ப எப்படிண்ணே நழுவுச்சு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஏதோ ஜோக்கடித்து, டீ குடிக்கலாமா என்று கேட்டார்.

படத்தில் அந்த இடம் வந்தது. கீழிருந்து கயிறு இரண்டு முறை இழுபட்டது. அவர் இடமும் வலமும் பார்த்தார். நிதானமாகத் தூணிலிருந்து சுற்றை அவிழ்த்தார். பிறகு அழுதார். சிரிக்க வந்த கூட்டம் மூச்சுவிடவில்லை. என் மனைவி திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, அங்க நெசமாவே தூண் இருக்கா?"

"சினிமாக்காரன் நட்டது."

மறுநாள் காலை பட்டறைக்குப் போய்விட்டு வந்தாள். தட்டை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து, என் கையையே பார்த்தாள்.

அதனால்தான் எழுதுகிறேன். அவள் தம்பி நாலெழுத்து படித்தவன். அப்போது நான் கைநாட்டு. அவன் போன பிறகுதான் எழுத்துக் கூட்டினேன். வேலைக்கு வந்த இரண்டே வருடத்தில் அவனை மேஸ்திரி ஆக்கப் போவதாகப் பேச்சு. அதைக்கூடப் பொறுத்தேன். அன்று இறங்கும்போது எல்லார் முன்னாலும் கேட்டான்:

"மாமா, மூச்சு முட்டுனா ரெண்டு தடவ இழுப்பேன். ரெண்டுன்னா எத்தனன்னு தெரியும்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். பிறகு அவர்கள் டீ குடிக்கப் போனார்கள்.

ஒரு இழுப்பு வந்தது. எண்ணினேன். இன்னொன்று வந்தது. அதையும் எண்ணிவிட்டுத்தான் அவிழ்த்தேன். நடிகர் அதில் ஒரு குறை வைக்கவில்லை. அழுகை மட்டும் அவராகச் சேர்த்தது. நான் தொட்டிச் சுவர் சிமெண்டில் உள்ளங்கையைத் தோல் உரியும்வரை தேய்த்தேன். அப்புறம்தான் ஆள் கூப்பிட்டேன்.

"கை இப்படிக் கிழியிற வரைக்கும் விடாமப் பிடிச்சிருக்கீங்களே" என்று எட்டு நாள் என் மனைவி மருந்து போட்டாள். தம்பியைப் பறிகொடுத்தவள், எனக்கு ஊட்டிவிட்டாள். அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் இருந்ததே இல்லை. இப்படி ஒரு குடும்பத்தைக் கலைக்க அந்த நடிகருக்கு எப்படித்தான் மனம் வந்ததோ.