ஏழு திருகாணி மிஞ்சிய கார்

குழந்தைகளே, இன்று ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் ஒரு கல்யாண மாப்பிள்ளையும் அவருடைய அத்திம்பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அத்திம்பேர் மடியில் ஒரு காபிப்பொடி டப்பா. அதைக் குலுக்கிக் காட்டி, "எஞ்சினைப் பூட்டியாச்சுடா. ஆனா ஏழு திருகாணி மிஞ்சிடுத்து, கார் கிளம்ப மாட்டேங்கறது" என்றார்.

மாப்பிள்ளை பதறிப்போனார். "நாளைக்குச் சாயங்காலம் ஜானவாசம், அத்திம்பேர்! உங்க ரேஸ் கார்லதான் ஊர்வலம் வரேன்னு பெண்ணாத்துல சொல்லியாச்சு. ரிப்பேருக்கு வித்த கம்பெனிக்கே அனுப்பியிருக்கலாமே?"

"மெட்ராஸ்ல மூணு வாரம் ஆகும்ங்கறான்."

"தென்னூர் மெக்கானிக்?"

"அவர் லாரி ரிப்பேர் பண்றவர். இத்துனூண்டு காரைப் பார்த்துச் சிரிக்கறார். அதான் புஸ்தகத்தைப் பார்த்து நானே கழட்டி மாட்டினேன்."

"ஏழு மிஞ்சும்னு புஸ்தகத்துல போட்டிருக்கா?"

பஸ்ஸில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கண்டக்டர் திரும்பி, "ஏன் சாமி, ஊர்வலத்துல மேளக்காரர் நடக்கற வேகத்துலதானே கார் போகணும்? அதுக்கு எஞ்சின் எதுக்குங்க? நாலு பேர் தள்ளினா போதாதா?" என்றார்.

"நான் வரேங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் கை தூக்கினார். காவேரிப் பாலம் தாண்டுவதற்குள் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனாலும் மெதுவாகக் கேட்டார்: "ஹாரனாவது அடிக்குமா, அத்திம்பேர்?"

"பேஷா அடிக்கும். அதை நான் தொடவே இல்லை."