கோட்டணிந்தே விழுந்த கலைஞர் கல்யாணசுந்தரம் அவர்களுக்கு

சொல்லின்றிச் சிரிக்கவைத்த சுந்தரரே! விழுவதற்கென்றே எழுந்து நின்ற வித்தகரே! ஷார்ஜா முவைலாவில் இயங்கும் எங்கள் மேடைக்குழுவில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே வேடம் தரித்தும், ஒருநாளும் சலிப்பைத் தரிக்காத எங்கள் அண்ணனே! வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் புகழ வேண்டும். புகழ்கிறோம், பொய் கலக்காமல்.

லண்டன் பாட்டரங்குகளில் ஆடியும் பாடியும், கூட்டத்தின் கேலிக்கு எதிர்க்கேலி சொல்லியும் வளர்ந்து, கப்பலேறிப் போய்ப் பேசாப் படங்களில் கொடிகட்டிய ஆல்ஃபி, நம் நாடகத்தின் கற்பனை நாயகன். அவனாகவே வாழ்ந்தீர்கள்! முற்பாதியில் அவன் வாய் ஓயாது. பிற்பாதியில் கேமரா முன் நிற்கும்போதோ, சிரிக்க எதிரே ஒருவரும் இருக்கமாட்டார்கள். கைதட்டலுக்குக் காத்திருந்தே பழகிய மனிதன் அந்த மௌனத்தில் திகைத்து நிற்பான். அந்தத் திகைப்பைக் கண்டு திரை மறைவில் நாங்கள் கண்கலங்கியிருக்கிறோம். அடுத்த நொடியே பட்டுத் தொப்பியும் வால்கோட்டுமாய்ப் படிக்கட்டில் உருண்டு எல்லாரையும் சிரிக்கவைத்தீர்கள். தமிழரும் மலையாளியும் வங்காளியும் பட்டாணியரும் ஒரே நொடியில் சிரித்ததைத் தொழிலாளர் தங்கும் கேம்ப்களில்தான் கண்டோம்.

வினையும் அங்கேதான் வந்தது. போன குளிர்காலத்தில் மேலாளர் சேதுமாதவன், உடைகளைக் கவனிக்கும் கனகாவாகிய என் கையில், தொழிலாளர் வேலைக்கு அணியும் கவரால் என்னும் முழுவுடல் உடுப்பு ஒன்றைத் திணித்தார்.

"கேம்ப் ஷோவுக்கு அண்ணன் இதைப் போட்டு விழட்டும். அவங்க டிரெஸ்லயே பார்த்தா இன்னும் நல்லாச் சிரிப்பாங்க."

தாங்கள் கண்ணாடியிலிருந்து திரும்பாமலே சொன்னீர்கள்: "கோட்டு போட்டவன் விழுந்தா சிரிப்பு வரும் சார். கவரால் போட்டவன் விழுந்தா ஆம்புலன்ஸ்தான் வரும்."

"காமெடியில என்னண்ணே தத்துவம்? டியூட்டியைப் பாருங்க."

"அதைத்தான் பாக்குறேன். கனகா, கோட்டை எடும்மா."

எடுத்துக் கொடுத்தேன். கட்டடச் சாரத்தில் நின்று வேலை செய்யும் என் அப்பாவின் உழைப்பில்தான் நான் படித்து, எங்கள் வீட்டின் முதல் கல்லூரிப் பட்டம் வந்தது. அன்று அவரும் கூட்டத்தோடு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மறுவாரமே தங்களை மால் வாசலில் பலூன் கொடுக்கப் போட்டார்கள். முகம் சுளிக்காமல் கொடுத்தீர்கள். கேம்ப்பில் தங்களுக்குப் பதிலாக நம் குழு நடிகர் அருள்ராஜ் கவராலில் உருண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்து நான்கு பேர் மேடைக்கே ஏறி ஓடி வந்தார்கள்.

"கஹாங் லகா பாய்?" எங்கே அடிபட்டது என்று பதறினார் ஒருவர்.

"பானி லாவோ, ஜல்தி!" தண்ணீர் கேட்டுக் கத்தினார் இன்னொருவர்.

"பாய், நடிப்பு பாய், நடிப்பு!" என்று அருள்ராஜ் கதறியும் விடவில்லை. செருப்பைக் கழற்றிக் கால் விரலை அசைக்கச் சொன்னார்கள். அந்த வாரமே தங்களைத் திரும்ப அழைத்தார்கள்.

இன்று தங்களுக்குப் பணி நிறைவு. அன்று தவறியது கவரால் அல்ல, அருள்ராஜின் நடிப்புதான் என்று நிர்வாகத்தார் சொல்லி, அடுத்த வாரக் கேம்ப் நிகழ்ச்சிக்கு மறுபடியும் கவராலை எடுத்து வைத்திருக்கிறார்கள். அண்ணே, இனியாவது விழாமல், மூட்டுவலி முணுக்கென்றும் எட்டிப்பாராமல், நூறாண்டு நிமிர்ந்து நடங்கள்! இங்குள்ளதை எங்களிடம் விடுங்கள்.

சேதுமாதவன் சார், எதிரிலேயே இருக்கிறீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அருள்ராஜ் அதை உடுத்தமாட்டார். நான் எடுத்துத் தரமாட்டேன். நூஹு விளக்குப் போடமாட்டார். வால்கோட்டை அருள்ராஜின் அளவுக்குப் பிடித்துத் தைத்தாயிற்று.

இப்படிக்கு,
அருள்ராஜ், நூஹு, கனகா
மற்றும் ஒருவர் விடாமல் ஒப்பமிட்ட மேடைக்குழுவினர்,
முவைலா, ஷார்ஜா.